மிகச் சரியான தப்பு

ஃபிராங்க்ளினை யாரும் நேரில் பார்த்ததில்லை. டம்டம் பக்கம் இருக்கிறார், சிவப்பு மையில் எழுதுவார், அவ்வளவுதான் தெரியும். பெஹாலாவிலிருந்து எழுதும் விசாலத்தையும் பார்த்தவர் இல்லை. ஆனால் எங்கள் கொல்கத்தா தமிழ்ச் சங்கத்து மாத இதழின் கடைசிப் பக்கத்தில், குறுக்கெழுத்துக் கட்டத்துக்குக் கீழே, விடை அனுப்பியவர்கள் என்று இவர்கள் பெயர் மாதந்தோறும் அச்சாகிக்கொண்டிருந்தது. யாரும் அதை வினோதமாக நினைக்கவில்லை. இந்த ஊருக்குத் தமிழர்கள் வந்தபடியும் போனபடியும் இருப்பார்கள். நியூ டவுனுக்கு ஐ.டி. வேலைக்கு வரும் பையன் ஒரு துர்கா பூஜை பார்ப்பான், அடுத்த பூஜைக்குள் பெங்களூருக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விடுவான். தெரியாத பெயரைப் பார்த்தால் புதிதாக வந்திருக்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்புவதுதான் இங்கே வழக்கம்.

நான் சில வருடங்கள் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, கையில் வேலையும் இல்லாமல் அடுத்த பயணத்துக்கு வழியும் இல்லாமல், லேக் கார்டன்ஸில் அப்பா அம்மாவோடு வந்து தங்கியிருந்தேன். முகம் தெரியாதவர்களோடு விடுதி அறைகளைப் பங்கிட்டுக்கொண்டதில் எனக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் எதைச் சொன்னாலும், இவர் ஏன் இதை இப்போது என்னிடம் சொல்கிறார் என்றுதான் முதலில் தோன்றும். சங்கச் செயலாளர் ஜெயபிரகாஷ் அங்கிள் அதை எப்படியோ மோப்பம் பிடித்துவிட்டார்.

"சும்மாதானே இருக்க அக்‌ஷயா, இந்த போனைப் பிடி" என்று சங்கத்துக் கைபேசியை என் கையில் வைத்தார். "குறுக்கெழுத்துக்கு விடை போட்டு போட்டோ அனுப்புவாங்க. அதையெல்லாம் திருத்தணும். திருத்துறது சும்மா பேருக்குத்தான். எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. அதைத் தீர்த்துக் குடு."

சந்தேகம் இதுதான். சென்ற கோடை வரை குறுக்கெழுத்துக்கு ஓரிரண்டு விடைத்தாள் வருவதே பெரிய விஷயம். சில மாதம் அதுவும் இல்லை. அந்தச் சமயத்தில் அடுக்குமாடி வீடு கட்டி விற்கும் ஒருவர் கடைசிப் பக்கத்தை முழுதாகத் தன் விளம்பரத்துக்குக் கேட்டார். கட்டம் போட்டுக் கொடுப்பது பூர்ணிமா அத்தை. விளம்பர விஷயத்தை ஜெயபிரகாஷ் அங்கிள் அவர் காதில் பேச்சுவாக்கில் போட்டு வைத்தார். அடுத்த மாதமே விடைத்தாள்கள் வந்து குவிந்தன.

"எங்கேந்தும்மா முளைச்சாங்க இத்தனை பேரு? அதுவும் எல்லாரும் கிட்டத்தட்ட ஆல் கரெக்ட். பூர்ணிமா தெரிஞ்சவங்களுக்கு விடையைச் சொல்லிக் குடுத்து அனுப்ப வைக்கிறா. நான் போட்டுப் பார்த்திருக்கேன், நாலு வார்த்தைக்கு மேல நகராது. ஒருநாள் அந்த டம்டம் ஃபிராங்க்ளினுக்குப் போன் போட்டேன், பொங்கல் விழாவுக்குக் கூப்பிடலாம்னு. ஒரு பொம்பளை எடுத்து பெங்காலில கத்திட்டு வச்சுட்டா. பெங்காலிப் பொண்ணைக் கட்டியிருக்கான் போல."

"நான் என்ன செய்யணும்?"

"அவ சொல்லிக் குடுக்குறாளான்னு பாரு. மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை கமிட்டி. திருட்டுத்தனம் இருந்தா அன்னிக்கே பக்கத்தை விளம்பரத்துக்குக் குடுத்துரலாம். இல்லன்னா கட்டம் இருந்துட்டுப் போகட்டும். நான் அநியாயக்காரன் இல்ல."

பூர்ணிமா அத்தை எங்கள் வீட்டுக்கு நேர் கீழ்த்தளம். உறவு ஒன்றும் கிடையாது. சிறு வயதில் பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்களையெல்லாம் காக்கிமா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு, தமிழில் கூப்பிட ஒருத்தியாவது இருக்கட்டும் என்று அம்மா அவரை அத்தை ஆக்கினார். அவர் பிறந்தது கரக்பூர் ரயில்வே குடியிருப்பில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் இந்தி, தெருவில் வங்காளம். தமிழ் எழுத்து தெரியாமலே வளர்ந்தார். விழுப்புரத்துக்காரரான மணிவேல் மாமாவைக் கல்யாணம் செய்துகொண்டு முதல்முதலாகத் தமிழ்நாட்டுக்குப் போனபோது, மாமியார் வீட்டில் அவரை நடுக்கூடத்தில் உட்காரவைத்து, 'ஏதாவது பேசும்மா, கேப்போம்' என்று சொல்லிச் சொல்லிப் பேசவைத்துச் சிரித்தார்களாம். அவரும் சிரித்துக்கொண்டே பேசியிருக்கிறார். கொல்கத்தாவுக்குத் திரும்பியதும் அரிச்சுவடியையும் அகராதியையும் ஒரே நாளில் வாங்கினார்.

கதை, கவிதை எதுவும் அவர் படித்து நான் பார்த்ததில்லை. அகராதியைத்தான் படிப்பார். ஒரு சொல்லைத் தொட்டால் அதே பொருளில் வேறு சொற்கள் வந்து நிற்பதும், அந்தச் சொற்களில் ஒன்று சம்பந்தமே இல்லாத இன்னொரு இடத்துக்குக் கூட்டிப்போவதும் அவருக்குப் பிடித்துப்போனது. வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளைப் போட்டுப் பழகி, அவை சப்பென்று தோன்ற ஆரம்பித்த பிறகு தானே கட்டம் கட்டத் தொடங்கினார். இன்றைக்கும் வாயைத் திறந்தால் தமிழுக்கு நடுவே 'ஆரே பாபா'வும் 'தேக்கோ'வும் வந்து விழும். சங்க விழாவில் இரண்டு வார்த்தை பேச மேடையேறினால் பின்வரிசையில் யாராவது கமுக்கமாகச் சிரிப்பார்கள். கடைசிப் பக்கத்தைப் பார்த்து மட்டும் யாரும் சிரித்ததில்லை. மணிவேல் மாமா வாரம் முழுவதும் கரக்பூர் பணிமனையில் இருப்பார். அத்தை அலிப்பூர் நீதிமன்றத்தை ஒட்டிய ஒரு வக்கீல் அலுவலகத்தில் தட்டச்சு வேலை செய்துவிட்டு வந்து, தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, கட்டத்தோடு உட்கார்ந்துவிடுவார். அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டால் அவரிடம் என்ன மிஞ்சும் என்று நான் யோசித்திருக்க வேண்டும். அப்போது யோசிக்கவில்லை. பிடிக்கும் ஆர்வத்தில் இருந்தேன்.

முதலில் ஆட்டம் என்னவென்று தெரிய வேண்டுமே. அந்த மாதக் கட்டத்தை எடுத்துவைத்துக்கொண்டு நானே போட்டுப் பார்த்தேன். மற்ற குறுக்கெழுத்தில் ஒரு விளக்கம் இருக்கும், ஒரு சொல் எழுதுவோம். அத்தையின் கட்டத்தில் பெரும்பாலான குறிப்புகளுக்கு இரண்டு பாதி. 'பாயசத்தில் மணக்கும், மூன்று முறை கூவினால் முடியும்.' மூன்று எழுத்து. பாயசத்தை மட்டும் பிடித்துக்கொண்டால் நெய்யிலும் முந்திரியிலும் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான். முதல் பாதிக்கு மனசில் வரும் சொற்களையெல்லாம் ஒரு பக்கம் நிறுத்தி, இரண்டாம் பாதிக்கானவற்றை இன்னொரு பக்கம் நிறுத்தி, இரண்டு பக்கத்திலும் எந்தச் சொல் நிற்கிறது என்று தேட வேண்டும். ஏலம். அது விழுந்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது. கூடவே சந்தேகமும் கூடியது. எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. டம்டம், பெஹாலா, சால்ட் லேக் ஆட்களெல்லாம் இதை அநாயாசமாகப் போட்டு அனுப்புகிறார்களா?

மாடிப்படியில் அத்தை எதிர்ப்பட்டார். என் கையிலிருந்த இதழைப் பார்த்தார்.

"என்ன, கட்டமெல்லாம் போடுறே? எப்பலேந்து?"

"பொழுது போகலத்தை."

"உனக்கா? ரெண்டு நாள் ஒரு ஊர்ல இருக்க மாட்டே, நீ உக்காந்து கட்டம் போடுறியா." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "ஜெயபிரகாஷ் போனை உன்கிட்டயா குடுத்திருக்கார்?"

"ஆமா."

"ம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அவர் கதவு தாழிடும் சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டது.

விடைத்தாள்களின் படங்கள் வரத் தொடங்கின. கையெழுத்துகள் வேறு வேறாக இருந்தன. ஃபிராங்க்ளின் சிவப்பு மையில் அடித்து அடித்து எழுதியிருந்தார். விசாலத்தின் எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. சால்ட் லேக் அர்ஜுனன் அச்சடித்தது போல் எழுதியிருந்தார். படங்கள் எல்லாம் வேலை நாள் மதியத்தில், சாப்பாட்டு நேரத்தில் வந்தன. ஒன்றிரண்டு தலைகீழாக வந்தன. ஐ.டி. பிள்ளைகள் சாப்பிடும்போது அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

சரியான விடைகளில் துப்பு ஒன்றும் இல்லை. சரியான விடை எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் தப்புகளைப் பார்த்தேன்.

ஏழாவது குறிப்பு, இடமிருந்து வலம்: 'உடலில் ஒரு பாகம், முழுதில் ஒரு பங்கு.' இரண்டு எழுத்து. விடை கால். அந்தக் 'கா'விலிருந்து கீழே இறங்கும் சொல்லுக்கு, 'கோடையில் தார்ச்சாலையிலிருந்து எழும்', மூன்று எழுத்து, கானல். ஃபிராங்க்ளின் இங்கே தப்புச் செய்திருந்தார். கால் வர வேண்டிய இடத்தில் அரை என்று எழுதியிருந்தார். அரை என்றால் இடுப்பு, உடலில் ஒரு பாகம். அரை என்றால் பாதி, முழுதில் ஒரு பங்கு. அதோடு நிற்கவில்லை. முதல் எழுத்து 'அ' ஆகிவிட்டதால் கீழே இறங்குவதை அனல் என்று மாற்றியிருந்தார். தார்ச்சாலையிலிருந்து அனலும்தான் எழும்.

விசாலம் வேறோர் இடத்தில் தப்புச் செய்திருந்தார். அதுவும் இப்படியே. இரண்டு பாதிக்கும் பொருந்துகிற, குறுக்கே வரும் சொல்லோடும் இடிக்காத தப்பு. அர்ஜுனனும் அப்படித்தான்.

என் தாளை எடுத்துப் பார்த்தேன். நான் செய்த தப்புகள் கண்றாவியாக இருந்தன. முதல் பாதிக்கு மட்டும் பொருந்தும், இரண்டாம் பாதிக்குத் தொடர்பே இருக்காது. ஓர் இடத்தில் கீழே வர வேண்டிய எழுத்தை மேலே திணித்திருந்தேன். தெரியாமல் தப்புச் செய்கிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள். இவர்களுடைய தப்பு தெரிந்து செய்த தப்பு. கட்டத்தின் ஒவ்வொரு மூலையிலும் வேறு எந்தச் சொல் நுழையக்கூடும் என்று முன்பே எண்ணிப்பார்த்த ஒருவருக்குத்தான் இவ்வளவு ஒழுங்காகத் தப்பு வரும். சொல்லிக்கொடுத்து வருகிற தப்பு இல்லை இது. இத்தனை கைகளுக்கும் ஒரே தலைதான்.

மறுநாள் மதியம் அலிப்பூருக்குப் போனேன். வக்கீல் அலுவலகத்தில் வக்கீல்கள் இல்லை, நீதிமன்றத்துக்குப் போயிருந்தார்கள். உள்ளே பெரிய மேசையைச் சுற்றி டிபன் பாக்ஸ்களோடு நான்கைந்து பெண்கள். லுச்சிப் பூரியும் உருளைக்கிழங்கு தம்மும் மணத்தன. மேசை ஓரத்தில் இதழிலிருந்து கத்தரித்த கட்டங்கள். அத்தை இடது கையால் ஒரு கட்டத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த பருமனான பெண், எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துவிட்டுத் தன் கைபேசியை எடுத்து, வங்காளத்தில் கேட்டாள்:

"பூர்ணிமா தீதி, இன்னிக்கு நான் யாரு? அதே கிறிஸ்தவனா?"

"அவனேதான், ஷம்பா. தாளை நேராப் பிடி. அன்னிக்குத் தலைகீழா அனுப்பினே, திரும்ப அனுப்பு."

"எது தலை, எது காலுன்னு எனக்கு எப்படித் தெரியும்? எல்லாமே வட்டம் வட்டமா இருக்கு. எப்போ பரிசு விழும், அதைச் சொல்லு."

"விழும், விழும்" என்றபடி நிமிர்ந்த அத்தை என்னைப் பார்த்தார். இடது கைப் பேனா அப்படியே நின்றது.

வெளியே நீதிமன்ற மதிலோரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். கறுப்புக் கோட்டுகள் இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தன. மண் குவளையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அத்தை எதையும் குடிக்காமல் இருந்தார்.

"ஜெயபிரகாஷ்கிட்ட என்ன சொல்லப் போறே? நான் விடையைச் சொல்லிக் குடுக்குறேன்னா?"

"அவர் அப்படித்தான் நினைக்கிறார்."

"நான் யாருக்கும் சொல்லிக் குடுக்கல. சொல்லிக் குடுக்க நாலு பேர் இருந்தா நான் ஏன் இடது கையில எழுதுறேன்?" குவளையைப் பெஞ்சில் வைத்தார். "யாரும் போடலடி. ஒருத்தரும் போடல. ஒவ்வொரு மாசமும் ராத்திரியும் பகலும் உக்காந்து கட்டுறேன். வெறும் பக்கம் மாதிரி திருப்பிட்டுப் போயிடுறாங்க. ஜெயபிரகாஷ் கேக்குறார், இதை யார் போடுறாங்கன்னு. நான் என்ன சொல்லட்டும்?"

"அதுக்காக இத்தனை பேரா?"

"முதல்ல ஒருத்தர்தான். அப்புறம் ஒரே ஆளு மாசா மாசம் வந்தா சந்தேகம் வரும்னு இன்னொருத்தர். எல்லாம் சரியா இருந்தாலும் சந்தேகம் வரும்னு தப்பும் போட்டேன். அதுல எப்படிக் கண்டுபிடிச்சே?"

"தப்பு ரொம்ப நல்லா இருந்துச்சு அத்தை. அரை, அனல். அப்படி யாரு தப்பு பண்ணுவா?"

அவருக்கு ஒரு கணம் சந்தோஷமாக இருந்ததைப் பார்த்தேன். உடனே மறைத்துக்கொண்டார். "அந்த மூலை எனக்கே பிடிச்ச மூலை" என்றார்.

நான் கேட்க நினைத்தது வேறொன்று. "எல்லாரையும்விட இஸ்மாயிலைத்தான் நல்லாப் பண்ணியிருக்கீங்க. அந்தத் தாளைப் பார்த்தா நிஜமாவே ஒருத்தன் முட்டி மோதியிருக்கான்னுதான் தோணுது. கால் வர்ற இடத்துல கண்ணுன்னு போட்டிருக்கான், பங்குக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்னே யோசிக்காம. ரெண்டு இடத்துல வெறும் கட்டம் வேற."

"எந்த இஸ்மாயில்?"

"நியூ டவுன் இஸ்மாயில். இந்த மாசம் புதுசா வந்தது."

"நான் இஸ்மாயில்னு யாரையும் பண்ணல."

கைபேசியை எடுத்துப் படத்தைக் காட்டினேன். அத்தை கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். முகம் இருண்டுகொண்டே போனது.

"இது ஜெயபிரகாஷ் வேலை. எனக்கு வலை விரிக்கிறார்."

"அவருக்கு நாலு வார்த்தைக்கு மேல நகராதாம்."

"அப்ப நீ."

"நானா?"

"நீதான் மாடிப்படில கட்டத்தை வச்சுக்கிட்டு நின்னே. என்னைப் பார்த்துப் பாவப்பட்டு அனுப்பியிருப்பே. இல்லன்னா என்னைப் பிடிக்கிறதுக்கு."

"நான் அனுப்பலத்தை. போன் பண்ணிக் கேளுங்க, நம்பர் இருக்கே."

"போன்ல யார் வேணா இஸ்மாயில் ஆகலாம்" என்றார் அத்தை. "நானே அஞ்சாறு பேரா இருக்கேன்."

சனிக்கிழமை காலை ஒரு செயலி டாக்சி பிடித்து நியூ டவுனுக்குப் போனோம். வழியில், "நீ ஏன் வர்றே? உனக்கு இதுல என்ன?" என்று கேட்டார். நான் அந்தப் பையன் இருக்க வேண்டும் என்று விரும்பத் தொடங்கியிருந்தேன். அதைச் சொன்னால் இன்னும் சந்தேகப்படுவார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

தாளின் ஓரத்தில் எழுதியிருந்த குடியிருப்பு, ஒரே மாதிரி நிற்கும் கோபுரங்களில் ஒன்று. வாசல் காவலாளி யாரைப் பார்க்க வேண்டும், எதற்கு என்று கேட்டான். அத்தை வங்காளத்தில், "குறுக்கெழுத்து விஷயமா" என்றார். அவன் எங்களை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போன் போட்டான். வெகுநேரம் கழித்து, அரைக்கால் சட்டையும் கலைந்த தலையுமாக ஒரு பையன் வந்தான். கேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுகொண்டான்.

"சொல்லுங்க மேடம். பாலிசின்னா வேண்டாம், ஆபீஸ்லயே இருக்கு."

"பாலிசி இல்ல. நீங்க இஸ்மாயில்தானே?"

"யாரு நீங்க? என் பேரு எப்படித் தெரியும்?"

"தமிழ்ச் சங்கம் குறுக்கெழுத்து போட்டீங்களா?" என்றேன்.

அவன் ஓரடி பின்வாங்கினான். "போட்டா? பரிசு விழுந்திருக்கு, ஓடிபி சொல்லுன்னு கேப்பீங்க. அதெல்லாம் நடக்காது."

அத்தை பையிலிருந்து இதழை எடுத்தார். "ஏழாவது குறிப்பு. உடலில் ஒரு பாகம், முழுதில் ஒரு பங்கு. கண்ணுன்னு எழுதியிருக்கீங்க. ஏன்?"

பையன் அவரை உற்றுப்பார்த்தான். இப்படிக் கேட்கும் மோசடிக்காரர்களைப் பற்றி அவன் கேள்விப்பட்டதில்லை போலும். "கீழே கனல்னு வந்துச்சு. அதான் மேலே கண்ணு."

"கனலா?"

"ரோட்ல கனல் எழும்லா?"

"கானல். அப்போ கால். கால்னா நாலுல ஒண்ணு."

அவன் வாய்க்குள் சொல்லிப்பார்த்தான். கேட்டுக் கம்பியில் கையை வைத்தான். "ச்சே. அது வரலியே எனக்கு. சரி, அந்தப் பாயசம் என்ன? வெறுமனே விட்டுட்டேன்."

"ஏலம்."

"அது எப்படி? ஏலக்காய்னுதான சொல்லுவோம். பாயசத்துல ஏலம் போடுன்னு எங்க வீட்ல ஒரு ஆளும் சொல்லாது."

"அகராதியில ஏலம்னா அதுதான்."

"அகராதில பாயசம் வைக்க முடியாதுல்லா மேடம்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மறுபடி அவனைப் பார்த்தார். "நீ எந்த ஊரு?"

"மேலப்பாளையம். இங்க வந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. ரூம்ல எல்லாரும் இந்தி. கேன்டீன்ல இந்த புக்கு கிடந்துச்சு. தமிழ்ல இருக்கேன்னு எடுத்தேன். இந்தக் கட்டம் ரொம்ப கடுப்பேத்துச்சு. யாரு மேடம் இதைப் போடுறது? அவங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

"இல்ல" என்றார் அத்தை.

திரும்பும் வழியில் ரொம்ப தூரம் வந்த பிறகு, "ஞாயித்துக்கிழமை நீ எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

"எதுக்கு? நான் ஒண்ணும் கண்டுபிடிக்கலன்னு சொல்லிடுறேனே. பக்கம் தப்பிச்சுரும்."

"அந்தப் பையன் பேரை எங்க போடுவே? ஃபிராங்க்ளினுக்கும் விசாலத்துக்கும் நடுவுலயா?" ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "அவன் கண்ணுன்னு எழுதியிருக்கான்டி. யோசிச்சு எழுதியிருக்கான்."

கமிட்டி சங்க அலுவலகத்தில் கூடியது. நீள மேசை, பிளாஸ்டிக் நாற்காலிகள், சமோசா. விளம்பரத்தின் மாதிரி ஏற்கெனவே அச்செடுத்து மேசையில் கிடந்தது. நீச்சல் குளத்தோரம் ஒரு குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. ஜெயபிரகாஷ் அங்கிள் என்னைப் பார்த்து, "எத்தனை என்ட்ரி?" என்று கேட்டார்.

"ஒண்ணு" என்றார் அத்தை.

"உன்னைக் கேக்கல பூர்ணிமா. அக்‌ஷயா, எத்தனை?"

"ஒண்ணுதான் அங்கிள்."

"என்ன விளையாடுறீங்களா? ஃபிராங்க்ளின் எங்கே, விசாலம் எங்கே, அந்த அர்ஜுனன்?"

"அவங்க எல்லாம் நான்தான்" என்றார் அத்தை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, கையை மடியில் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னார். டிபன் நேரம், இடது கை, ஷம்பாவின் போன். சொல்லும்போது பதற்றத்தில் பாதி வங்காளமாகிவிட்டது. யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு அது இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ஜெயபிரகாஷ் அங்கிளின் காது சிவந்துபோனது. "நான் அந்த பெங்காலிப் பொம்பளைகிட்டப் போய், உங்க வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கம்மான்னு கெஞ்சியிருக்கேன்."

"ஷம்பா சொன்னா. அவ புருஷன் செத்து ரொம்ப வருஷம் ஆச்சு. அதான் கத்திட்டாளாம்."

"மாசா மாசம் அச்சுல பொய்யைப் போட்டிருக்கோம். சரி, அந்த ஒரு என்ட்ரி? அதுவும் யாரோட போன்?"

"அது நிஜம். பேரு இஸ்மாயில்."

"இருக்கட்டும், நானே கேக்குறேன்." சங்கத்து போனை என்னிடமிருந்து வாங்கி, அந்த எண்ணை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார். மணி அடித்தது. "ஹலோ, இஸ்மாயிலா? தமிழ்ச் சங்கத்துலேந்து பேசுறேன். நீங்க குறுக்கெழுத்து அனுப்பினீங்களே, அதை வெரிஃபை பண்ணணும்."

"ராங் நம்பர்" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

ஜெயபிரகாஷ் அங்கிள் நாற்காலியில் சாய்ந்தார். "பார்த்தீங்களா?" என்று மற்றவர்களிடம் சொன்னார். விளம்பர மாதிரியைத் தன் பக்கம் இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட பேனாவைத் திறந்தார். நான், நேரில் போய்ப் பார்த்தோம் என்று ஆரம்பித்தேன். என்னையும் அவர் நம்பவில்லை. "நீயும் அவ வீட்டுக்கு மேல் வீடுதானே" என்றார். அத்தை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

பைக்குள் அவருடைய கைபேசி அடித்தது. நியூ டவுன் கேட்டில் பையன் மீதி விடைகளையும் கேட்டுக்கொண்டு, அவர் எண்ணையும் வாங்கியிருந்தான். அத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, ஜெயபிரகாஷ் அங்கிளுக்கு முன்னால் மேசையில் வைத்து ஸ்பீக்கரைத் தட்டினார்.

"மேடம், நான் இஸ்மாயில். இப்ப ஒரு ஆளு உங்க சங்கம்னு சொல்லி எனக்குப் போன் போட்டான். வெரிஃபை பண்ணணுமாம். ஃபிராடு மேடம். நீங்க ஒண்ணும் சொல்லிராதீங்க, அக்கவுன்ட்டைக் காலி பண்ணிருவான்."

மேசையைச் சுற்றி யாரோ சமோசாவோடு இருமினார்கள். ஜெயபிரகாஷ் அங்கிள் பேனாவை மூடவும் இல்லை, எழுதவும் இல்லை.

"சரி தம்பி" என்றார் அத்தை.

"அப்புறம் இன்னொண்ணு. இந்தப் பதினாலு. பெட்டியில் பூட்டுவோம், உதட்டில் காட்டுவோம். ரெண்டு எழுத்து. நீங்க நகைன்னு சொன்னீங்கள்லா அன்னிக்கு? அது சரியில்ல. பல்லு. நான் எழுதினதுதான் சரி."

அத்தை பையைத் தோளிலிருந்து இறக்கினார். "பல்லை யாரு பெட்டியில பூட்டுவா?"

"எங்க பெரியம்மா. டப்பாவுல போட்டு பீரோவுல வச்சுப் பூட்டுவாவ. பேரப்பிள்ளைங்க எடுத்து விளையாடிருதுன்னு."

"டப்பா வேற, பெட்டி வேற. நகைன்னா சிரிப்பு, அதான் உதடு. புன்னகைன்னு சொல்றியே, அதுல என்ன இருக்கு?"

"அது இருக்கு. ஆனா பல்லுதான உதட்டுக்குப் பின்னால இருக்கு? சிரிச்சா எது தெரியுது, சொல்லுங்க."

அத்தை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேசைக்கு அந்தப் பக்கம் ஜெயபிரகாஷ் அங்கிள் விளம்பர மாதிரியை எடுத்து, நீச்சல் குளத்துக்கு நடுவே மடித்துக் கோடு விழும்படி நகத்தால் அழுத்தினார். "கீழ்ப் பாதி கட்டத்துக்கு" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். "அடுத்த மாசம் என்ட்ரி ஒவ்வொண்ணுக்கும் நானே நேர்ல போவேன். சொல்லிடு அவகிட்ட."

நான் சொன்னேன். அத்தை கையை அசைத்து என்னைச் சும்மா இருக்கச் சொன்னார். கைபேசியின் பக்கம் குனிந்திருந்தார்.

"சரி, பல்லுன்னே வச்சுக்கோ. அப்ப கீழே இறங்குறதுக்கு என்ன போட்டே?"

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம்.

"அங்கதான் மேடம் இடிக்குது."